கணினித் திரையும் கலையாத கவனமும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வரலாறு படித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, சுண்ணக்கட்டியோடு வாழ்நாளைக் கழித்த ஒரு தலைமையாசிரியரைக் கணினி பற்றிப் பேச அழைத்தது ஏன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணி முதலில் மறுத்தோம். படிப்பகத்துக் கணினி வகுப்பில் பயிலும் மூன்று இளைஞர்கள் நம் இல்லத்திற்கு வந்தனர். படிப்பகத்திலுள்ள ஆறு மேசைக் கணினிகளுக்கென ஒரு சிறு மென்பொருள் இயற்றப் போவதாகக் கூறினர். ஒருவர் படித்துக்கொண்டிருக்கையில், மின்னஞ்சல் வந்தது, செய்தி வந்தது, புதுப்பிக்க வேண்டும் என்று திரையின் மூலையில் மேலெழும் அறிவிப்புகளை நிறுத்தி வைப்பது அதன் பணி. கைப்பேசிகளில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற பெயரில் நீங்கள் கண்டிருப்பீர்கள். “எழுதுவது எங்கள் வேலை ஐயா, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள்” என்றனர். நடத்தையைப் பற்றிய கேள்வி என்று வந்த பிறகு ஓர் ஆசிரியன் வாய் திறவாதிருக்க இயலுமோ? ஒப்புக்கொண்டோம்.

மேலும் இப்பொருளில் நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. அதை முதலில் கூறிவிடுகிறோம்.

2023-ஆம் ஆண்டில் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பிற்கு எகிப்திய நாகரிகம் நடத்திக்கொண்டிருந்தோம். நமது மடிக்கணினியைப் புரொஜெக்டருடன் இணைத்துப் பிரமிடுகளின் படங்களைச் சுவரில் காட்டினோம். மாணவர்கள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் சுவரின் வலப்புற அடிமூலையில் ஒரு சிறு கட்டம் எழுந்தது. அது அவ்வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் நமக்கு அனுப்பிய செய்தி. மகனுடைய சாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, உதவித்தொகை நின்றுவிடுமா என்று அந்த அம்மையார் கேட்டிருந்தார். மகன் பெயர் இருந்தது. சாதியின் பெயரும் இருந்தது. நாம் திரும்பிப் பார்த்து, சுட்டியைத் தேடி, அதை மூடுவதற்குள் அது தானே மறைந்துவிட்டது. விண்டோஸ் கணினிகளில் ஓர் அறிவிப்பு வழக்கமாக 5 நொடிகள் திரையில் நிற்கும். பின்வரிசையில் ஒருவன் அதை வாய்விட்டுப் படிப்பதற்கு 5 நொடிகள் போதுமானவையாக இருந்தன.

அம்மாணவன் அதன்பின் இரண்டு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மாலை நாம் அவன் இல்லம் சென்றோம். நம்மைக் கண்டதும் அந்தத் தாயார் கைகூப்பி, “வகுப்பு நேரத்தில் அனுப்பினது என் தப்புங்க ஐயா” என்றார். அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. அவர் தவறு எங்கே இருக்கிறது? காலை முதல் மாலை வரை வேலைத்தளத்தில் நிற்பவர், சோற்று வேளையில் கிடைத்த பத்து நிமிடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டார். கேட்ட இடமும் சரியானதே. அனுப்பியவரிடம் பிழையில்லை. நாம் படிக்க வேண்டியதை வகுப்பு முழுவதும் படிக்குமாறு சுவரில் விட்டதே பிழை. அக்கணினியில் அறிவிப்புகளை நிறுத்தும் பொத்தான் அன்றும் இருந்தது. நாம்தான் அதை அழுத்தவில்லை. அப்படியொன்று இருப்பதையே அன்றுதான் அறிந்தோம்.

ஆகவே, இளைஞர்களே, நீங்கள் அமைக்கப்போவது வெறும் வாய்ப்பூட்டு அன்று. அந்த அம்மையாரின் செய்தி வராமல் போயிருந்தாலும் தீங்கே. வந்த இடத்தில் விளைந்ததும் தீங்கே. இரண்டுக்கும் நடுவே ஒரு திண்ணை வேண்டும். திண்ணை என்றவுடன் மூத்த உறுப்பினர்கள் யாரைப் பற்றிக் கூற வருகிறோம் என்று உணர்ந்திருப்பார்கள்.

இச்சங்கம் தொடங்கிய ஆண்டில் நம் இரவுப் படிப்பகம் ஓடு வேய்ந்த ஒரே அறை. மாலை 6 மணிக்குப் பிள்ளைகள் உள்ளே செல்வர்; 9 மணிக்கு வெளியே வருவர். முதல் மாதத்திலேயே ஓர் இடர் தோன்றியது. நடவுக்கு ஆள் குறைகிறது, பையனை அனுப்பு. பந்தல் பிரிக்க வேண்டும், இவனை வரச்சொல். மாடு அவிழ்ந்துவிட்டது, அவனைக் கூப்பிடு என்று வாசலில் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். எவர் வந்து எந்நேரத்தில் அழைத்தாலும் எழுந்து போவதே பழக்கமாகிவிட்ட தெரு நமது தெரு. ஒருவனை அழைத்தால் உள்ளிருக்கும் இருபது பேரும் தலைநிமிர்ந்து பார்ப்பர். கணக்கு பாதியில் நிற்கும்.

அப்பொழுதுதான் பெரியவர் ஒருவர் தாமே முன்வந்து திண்ணையில் அமர்ந்தார். கையெழுத்திடும் அளவே எழுத்தறிவு உடையவர். அதுவும் நம் சங்கத்தின் முதியோர் வகுப்பில் கற்றது. மடியில் ஒரு சிலேட்டு வைத்திருப்பார். வந்தவரை விரட்டமாட்டார், வாதாடவும்மாட்டார். “என்ன சேதி, சொல்லுங்க. ஒன்பது மணிக்குச் சொல்லிடறேன்” என்பார். பெயரின் முதலெழுத்தையும் தமக்கு மட்டுமே விளங்கும் ஒரு குறியையும் சிலேட்டில் இடுவார். 9 மணிக்குப் பிள்ளைகள் வெளியே வரும்போது ஒவ்வொருவனையும் தனியே அழைத்து அவனுக்குரியதை மட்டும் சொல்வார். காய்ச்சல், பிரசவம், சாவு என்றால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உரியவனின் தோளைத் தொட்டு அழைத்துச் செல்வார், அடுத்திருப்பவனுக்குத் தெரியாது. நாம் அன்று இளம் ஆசிரியர். அவருடைய நடைமுறையை வியந்து பார்த்ததுண்டே தவிர, பிற்காலத்தில் கணினிகளுக்கு அதுவே பாடமாகும் என்று கனவிலும் எண்ணியதில்லை.

கணினி உலகில் இச்சிக்கல் புதியதன்று. யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1971-இல் முதற்பதிப்பு கண்டபோதே ‘மெஸ்ஜ்’ என்றொரு கட்டளை அதில் இருந்தது. அக்காலத்தில் ஒரே கணினியைப் பலர் தத்தம் முனையத்தில் அமர்ந்து பயன்படுத்துவர். ஒருவர் மற்றவருக்குச் செய்தி எழுதினால், அவர் திரையில் என்ன செய்துகொண்டிருந்தாலும் அதன் நடுவே அச்செய்தி வந்து விழும். ‘மெஸ்ஜ்’ கட்டளையுடன் ‘என்’ என்ற எழுத்தை இட்டால் செய்தி வருவது நின்றுவிடும். ‘ஒய்’ இட்டால் மீண்டும் வரும். கணினியின் மேலாளர் மட்டும் அத்தடையை மீறி எழுத இயலும். பொறியை நிறுத்தப் போகிறோம், வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால் அதை அனைவரும் அறிந்தாக வேண்டுமல்லவா? பின்னர் 1980-இல், கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் பதிப்பில், மின்னஞ்சல் வந்ததை அறிவிக்கும் ‘பிஃப்’ என்ற நிரல் சேர்ந்தது. அது அங்கு வளைய வந்த ஒரு நாயின் பெயர். தபால்காரரைக் கண்டு குரைத்ததால் அப்பெயர் வைத்தார்கள் என்ற கதையும் உண்டு. அது கட்டுக்கதை என்று உரியவர்களே மறுத்துவிட்டார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, என் செய்வது!

ஆனால் பழைய ‘மெஸ்ஜ்’ கட்டளையில் ஒரு குறை உண்டு. தடை இருக்கும்போது எழுத முயன்றவருக்கு அனுமதி இல்லை என்ற விடை மட்டும் கிடைக்கும். அவர் சொல்ல வந்தது எங்கும் தங்காது. கதவு இருந்தது, சிலேட்டு இல்லை. இன்றைய மேசைக் கணினிகள் அதைச் சேர்த்திருக்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 2012-இல் தன் மேக் கணினிகளில் அறிவிப்பு மையம் ஒன்றை அமைத்தது. விண்டோஸ் 10-இல் 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதப் பதிப்பு, நிறுத்தி வைத்த அறிவிப்புகளைப் பின்னர்த் தொகுத்துக் காட்டும் வசதியோடு வந்தது. கட்டணமற்ற லினக்ஸ் கணினிகளில், கே.டி.இ. பிளாஸ்மா 2019 ஜூனிலும், க்னோம் 2020 மார்ச்சிலும் இந்நிலையைச் சேர்த்தன. நம் படிப்பகத்துக் கணினிகளில் இருப்பதும் க்னோம்தான். அதில் அது ஒற்றைப் பொத்தானாக வந்தது: அழுத்தினால் அமைதி, மீண்டும் அழுத்தினால் ஆரவாரம். இதனோடு மேலும் என்ன வேண்டும் என்பதே நம் இளைஞர்களின் கேள்வி.

முதலாவதாக, அழுத்த மறந்தவனுக்கு என்ன செய்வது? நம் அனுபவத்தை முன்பே கூறினோம். பாடத்தைத் தயாரிப்பதிலும் கம்பியை இணைப்பதிலும் கருத்தாக இருப்பவன் மணிக்குறியைத் தேடிச் செல்லமாட்டான். மேற்சொன்ன விண்டோஸ் பதிப்பில், திரையை மற்றொரு திரையில் பிரதிபலிக்கும்போது தானே அமைதியாகும் விதி ஒன்று இருக்கிறது. கே.டி.இ. பிளாஸ்மாவில் 2019 அக்டோபர் பதிப்பு முதல் அவ்வாறே நிகழ்கிறது. நீங்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். புரொஜெக்டர் இணைந்த கணமே அறிவிப்புகள் நிற்க வேண்டும். பயனர் விரும்பினால் அதை நீக்கிக்கொள்ளட்டும்; ஆனால் தொடக்கத்தில் இருக்க வேண்டியது காப்பே. அமைப்புகளுக்குள் சென்று மாற்றத் தெரிந்தவனுக்கு மட்டும் பாதுகாப்பு என்றால், தெரியாதவனே வகுப்பின் முன் நிற்கிறான்.

அடுத்தது அவசரம் பற்றியது. லினக்ஸ் கணினிகளில் அறிவிப்பு அனுப்பும் ஒவ்வொரு மென்பொருளும் அதன் அவசரத்தைத் தானே குறிப்பிடலாம் என்று ஒரு பொது வரையறை இருக்கிறது. குறைந்தது, இயல்பானது, இன்றியமையாதது என மூன்று படிகள். அமைதி நிலையிலும் இன்றியமையாதது மட்டும் உள்ளே வரலாம். கேட்பதற்கு முறையாகவே இருக்கிறது. ஆயினும் படியைத் தீர்மானிப்பவர் யார்? அனுப்புபவர்! முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் பணியாற்றிய எவரிடமும் கேட்டுப் பாருங்கள். நம் மேசைக்கு வரும் சுற்றறிக்கைகளில் ‘அவசரம்’ என்றிருந்தால் நாளை பார்க்கலாம் என்று பொருள். ‘மிக அவசரம்’ என்றால் இன்று மாலை. ‘மிக மிக அவசரம்’ என்று சிவப்பு மையில் இருந்தால்தான் எழுத்தரை அழைப்போம். அதுவும் இப்போது எல்லாத் தாள்களிலும் சிவப்பு மையாகிவிட்டது. பொருள் விற்பவனும் தன் தள்ளுபடி இன்றிரவோடு முடிகிறது, ஆகவே இது இன்றியமையாதது என்றுதான் சொல்வான்.

இவ்விடத்தில் நம் திண்ணைப் பெரியவருக்கு நேர்ந்த துயரத்தைக் கூறவேண்டியிருக்கிறது. ஆள் பிடிக்க வரும் ஒருவர், உண்மையைச் சொன்னால் பையனை அனுப்பமாட்டார்கள் என்று கண்டுகொண்டு, “அவன் பாட்டிக்கு முடியலையாம்” என்று சொல்லத் தொடங்கினார். இரண்டு முறை பெரியவர் ஏமாந்தார். மூன்றாம் முறை, வேறொரு மாணவனுக்காக வேறொருவர் வந்து அதே சொல்லைச் சொன்னபோது, சிலேட்டில் குறித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். அம்முறை அது உண்மை. 9 மணிக்கு அந்த மாணவன் வீடு சேர்வதற்குள் பாட்டி போய்விட்டார்.

பெரியவர் ஒரு வாரம் திண்ணைக்கு வரவில்லை. வந்தபோது முறையை மாற்றியிருந்தார். ஒவ்வொரு மாணவனையும் உள்ளே நுழையும் முன் நிறுத்தி, “உன்னைத் தேடி யார் வந்தா உள்ளே விடணும்?” என்று கேட்டார். அம்மா, பெரியப்பா, அக்கா, எதிர்வீட்டு ஆயா என்று அவரவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டார். அவர்கள் வந்தால் காரணம் கேட்கமாட்டார், உள்ளே அழைத்துவிடுவார். மற்றவர்கள் சாவுச் சேதி என்று சொன்னாலும் நம் தொண்டர் ஒருவரை அவ்வீட்டிற்கு அனுப்பிப் பார்த்துவரச் சொல்வார். என்ன சொல்கிறார்கள் என்பதைவிட யார் சொல்கிறார்கள் என்று பார்ப்பது. அந்த ‘யார்’ என்பதையும் படிக்கிறவனே முன்கூட்டித் தீர்மானிப்பது. இளைஞர்களே, உங்கள் மென்பொருளில் இதை எழுதுங்கள். ஒவ்வொரு பயனரும் தம் கணக்கில் நான்கைந்து பெயர்களைக் குறித்து வைக்கட்டும். அவர்கள் செய்தி வரட்டும். மின்கலம் தீர்கிறது என்ற எச்சரிக்கையும், பயனர் தாமே வைத்த அலாரமும் வரட்டும். ஏனையவை எத்தனை சிவப்பு மை பூசிக்கொண்டு வந்தாலும் திண்ணையில் காத்திருக்கட்டும். உள்ளே வரும் செய்தியும் எப்படி வரவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தோளைத் தொடுவது போல, பெயர் மட்டும் தோன்றினால் போதும். உள்ளடக்கத்தை அவர் சொடுக்கிப் பார்த்துக்கொள்வார். சுவரில் திரை விரிந்திருக்கும்போது அந்தப் பெயரும் வேண்டாம். ஒரு சிறு புள்ளி போதும்.

இனி, எப்போது முடிவது? இதில் பெரும்பாலோர் கருத்துச் செலுத்துவதில்லை. நம்மிடம் படித்த பெண் ஒருத்தி, போட்டித் தேர்வுக்காகத் தன் கணினியில் அமைதி நிலையை இட்டாள். தேர்வு முடிந்தது; நிலையை நீக்க மறந்தாள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கும் மின்னஞ்சல் வந்து பல நாட்கள் அவள் கண்ணில் படாமல் கிடந்தது. கடைசி நாளின் முன்மாலை தற்செயலாகக் கண்டாள். இரவுப் பேருந்தில் நின்றுகொண்டே சென்று சேர்ந்தாள் என்பது அவள் துணிவு. எல்லாருக்கும் அது வாய்க்குமா? பெரியவரின் சிலேட்டுக்கு 9 மணி என்றொரு எல்லை இருந்தது. அதுபோல, இந்நிலையை இடும்போதே எவ்வளவு நேரம் என்று மென்பொருள் கேட்க வேண்டும். ஒரு மணி நேரம், மாலை வரை, நாளைக் காலை வரை என்று தேர்ந்துகொள்ளலாம். என்றென்றும் என்ற தேர்வு வேண்டவே வேண்டாம் என்பது நம் கருத்து. மூவரில் ஒருவர் இதை ஏற்கவில்லை. பயனரின் உரிமையை நாம் குறைக்கலாகாது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிலை நடப்பில் இருப்பதைத் திரையின் மேற்பட்டையில் கோடிட்ட மணிக்குறியால் எப்போதும் காட்டுவது என்ற அளவில் உடன்பாடு கண்டிருக்கிறோம்.

காத்திருப்பவை எத்தனை என்ற எண்ணைக் காட்டலாமா? மூவரும் நாமும் இதில் ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். எண்ணைக் காட்டினால் பதினேழு, பதினெட்டு என்று ஏறுவதே ஒரு தொந்தரவு. காட்டாவிட்டால் ஏதேனும் வந்திருக்குமோ என்ற பதைப்பு. மார்ட்டின் பீலொட், லூஸ் ரெல்லோ என்ற ஆய்வாளர்கள் 30 தன்னார்வலர்களை ஒருநாள் முழுவதும் அறிவிப்பே இல்லாமல் இருக்கச்செய்து 2017-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கவனம் சிதறவில்லை, வேலை நன்கு நடந்தது. ஆயினும் உடனே விடை தர இயலவில்லையே என்ற கவலையும், பிறரிடமிருந்து விலகிவிட்ட உணர்வும் இருந்தன என்று கண்டனர். அமைதி எல்லாருக்கும் அமைதியாகவே இருப்பதில்லை. மறுபுறம், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துப் பேராசிரியர் குளோரியா மார்க் தம் குழுவினருடன் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இடையூறு பெற்றவர்கள் வேலையை விரைவாகவே முடித்தார்கள் என்று கண்டார். வியப்பாக இருக்கிறதல்லவா? இழந்த நேரத்தை ஈடுகட்ட ஓடியிருக்கிறார்கள். அதற்கு விலையாக மன அழுத்தமும் எரிச்சலும் மிகுந்தன. வேலை முடிந்துவிட்டதே, அழைத்ததால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு இது விடை. நம் தெருப் பிள்ளைகளும் பந்தலையும் பிரித்துவிட்டுப் பாடத்தையும் படித்தவர்கள்தாம். எப்படிப் படித்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எண்ணைப் பற்றி: முன்பு சொன்ன கே.டி.இ. பிளாஸ்மாவின் அதே 2019 அக்டோபர் பதிப்பில், அறிவிப்புக் குறியின்மேல் எண் காட்டுவதைக் கைவிட்டு, குறியின் தோற்றத்தை மட்டும் மாற்றினார்கள். வந்திருக்கிறது என்று தெரியும். எத்தனை என்று தெரியாது. நமக்கு அது பிடித்திருந்தது. அதையே பின்பற்றுவதென முடிவாயிற்று.

நேரம் முடிந்து நிலை நீங்கும்போது, தேங்கியவை அனைத்தும் மதகு திறந்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் பாயக்கூடாது. அப்படிப் பாய்ந்தால் அடுத்த முறை எவரும் இந்நிலையை இடத் துணியமாட்டார். அனுப்பியவர் வாரியாகச் சேர்த்து, மனிதர்கள் எழுதியவற்றை முன்னும் மென்பொருள்கள் எழுதியவற்றைப் பின்னும் வைத்து, ஒரே பட்டியலாகத் தரவேண்டும். படிப்பகத்துக் கணினி பலரும் மாறி மாறி அமர்வது. ஒருவருக்குரிய பட்டியல் அவர் கணக்கை மூடியவுடன் மறைய வேண்டும், அவர் மீண்டும் நுழையும்போது அவருக்கு மட்டுமே விரிய வேண்டும்.

பெயர் ஒன்று மிச்சமிருக்கிறது. ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்பது விடுதி அறைக் கதவில் தொங்கும் அட்டையின் வாசகம். கதவும் அதற்கொரு பிடியும் உடையவர்களின் மொழி அது. வருகிறவரைப் பார்த்து நீ தொந்தரவு என்று சொல்வதும் அதில் அடங்கியிருக்கிறது. அந்தத் தாயாரின் செய்திக்கு முன் அப்பலகையை மாட்ட நமக்கு மனம் வரவில்லை. இளைஞர்கள் பல பெயர்களைக் கொண்டுவந்தனர். ‘அமைதி’ என்றார் ஒருவர். ‘மோனம்’ என்றார் இலக்கியம் படித்தவர். முடிவில் அவர்கள் தேர்ந்தது ‘திண்ணை’. பொத்தானில் சிறிய சிலேட்டுப் படம் ஒன்றையும் வரைந்திருக்கிறார்கள்.

மென்பொருள் இன்னும் முற்றுப்பெறவில்லை. முதற்சோதனையை நம் பள்ளியில், அதே வகுப்பறையில், அதே சுவரில் நடத்துவதென முடிவு செய்திருக்கிறோம். அன்று செய்தி அனுப்பிய அந்தத் தாயாரிடமும் பேசிவிட்டோம். முதலில் தயங்கினார். வகுப்பு நேரத்திலேயே அனுப்புமாறு கேட்டுக்கொண்டிருக்கிறோம். சம்மதித்திருக்கிறார்.